பிள்ளைகள் விவரம்

விழுப்புரத்தில் விசா விண்ணப்பம் போட்டுத் தரும் கடை. மரியஅந்தோணி ஃபைலை மேசைமேல் வைத்தார். பக்கத்தில் அவர் மனைவி லூர்து மேரி.

"திண்டிவனத்துல போட்டோம், ரிஜெக்ட் ஆயிடுச்சு. பையன்தான் இங்க வரச் சொன்னான்."

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் மறுப்புக் கடிதத்தை நிதானமாகப் படித்தாள்.

"கனடாவுக்குப் பையனைப் பார்க்கப் போனா அங்கயே தங்கிடுவீங்கன்னு நினைக்கறாங்க. திரும்பி வர்றதுக்கு உங்களுக்குன்னு இங்க யாரும் இல்லையாம்."

"வீடு இருக்குது, நெலம் இருக்குது."

"ஆளுங்களையும் பார்ப்பாங்க. பிள்ளைங்க எத்தினி பேரு?"

"ஒரே பையன்."

"போன தடவையும் அப்படித்தான் எழுதியிருக்கீங்க. எல்லாப் பிள்ளைங்களையும் எழுதணும். மறைச்சா மறுபடியும் ரிஜெக்ட்தான்."

மரியஅந்தோணி சுவர்க் காலண்டரைப் பார்த்தார். லூர்து மேரி அவர் பக்கம் திரும்பினாள்.

"வேற மதத்துல கட்டிக்கினு போயிட்டா பெத்த பொண்ணு இல்லன்னு ஆயிடுமா? ஆறு வருசமா பேசாம இருந்தது போதும். சொல்லுங்க."

"பொண்ணு பேரு?" என்றாள் அந்தப் பெண், நிமிராமல்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உன் பேரை நீயே போட்டுக்கோ, பவுலின். மாப்பிள்ளை பேரையும் சேர்த்துப் போடு."