வண்டியை ஓட்டியது யார்?

"பச்சையம்மா பொணம் இன்னும் ஆஸ்பத்திரிலருந்து வூட்டுக்கு வரல. அதுக்குள்ள, நாந்தான் கார ஏத்திக் கொன்னேன்னு கோர்ட்டுல சொல்லப் போறியா?" ஹில்டா வாசலை மறித்து நின்றாள்.

"வழிய வுடு," என்றான் அவள் புருஷன் பாஸ்கல்.

செத்துப்போன மீன்காரி பச்சையம்மா அவர்களுடைய அடுத்த வீட்டுக்காரி. முந்தின நாள் காலை திருவொற்றியூர் சாலையில் அவள்மேல் காரை ஏற்றியவன், கப்பலில் ஊர் சுற்ற வந்த ஒரு வெள்ளைக்காரப் பணக்காரன். மறுநாள் மாலை கப்பல் கிளம்புவதற்குள் பழியை ஏற்க ஓர் ஆளைத் தேடிக் கப்பல் ஏஜென்ட் கோபிநாத் அலைந்தார். வேலையில்லாமல் இருந்த பாஸ்கல் தானாகவே போய் ஒத்துக்கொண்டான்.

கோர்ட்டில் வெள்ளைக்காரன் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தான். நேற்றுக் காலை பத்து மணிக்குக் காரை ஓட்டியவன் பாஸ்கல்தான் என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஹில்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீதான் ஓட்டினாயா?" மாஜிஸ்திரேட் கேட்டார்.

"இல்லீங்க ஐயா. ஸ்ட்ரைக் கேசுல நான் ஜாமீன்ல கீறேன். தெனம் காலைல பத்து மணிக்கு ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும். நேத்து அந்நேரம் அங்கதான் போட்டுகினு இருந்தேன்."

ஸ்டேஷன் நோட்டை வரவழைத்துப் பார்த்தார் மாஜிஸ்திரேட். "இன்ஸ்பெக்டர், அந்த வெள்ளைக்காரரைக் கப்பலேற விடாதீங்க. பாஸ்போர்ட்டை வாங்குங்க."

வெளியே கோபிநாத் பாஸ்கலின் சட்டையைப் பிடித்தார். "அப்புறம் எதுக்குடா எங்கிட்ட ஒத்துக்கிட்டே?"

"நான் வரலன்னா வேற எவனையாவது இட்டாந்திருப்பே. அவன் நெஜமாவே ஒத்துகினு இருப்பான்."