சிலைநேசன் வரவில்லை

படத்தில் குடத்தின் வாய் வெட்டுப்படாமல் இருக்க இன்னும் ஓரடி பின்னால் போனேன். குற்றாலத்துப் பூங்காவில் குடத்தைக் கவிழ்த்தபடி நிற்கும் சிமெண்டுப் பெண் அப்படியேதான் நின்றாள். நான்தான் எனக்குப் பின்னால் இருந்த தாமரைத் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தேன்.

கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிக் காப்பாற்றிவிட்டேன். பேண்ட் பையில் இருந்த செல்போன் முங்கிச் செத்தது.

ரம்புட்டான் விற்கும் மூக்கம்மாள் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். "குளிக்கணும்னா அருவிக்குப் போவேண்டியதான அண்ணாச்சி" என்றாள்.

விழுந்தது வலிக்கவில்லை. சிலைநேசன் வராததுதான் வலித்தது.

சிலைநேசன் எனக்கு முகநூலில் கிடைத்த ரசிகர். கிடைத்த ஒரே ரசிகர் என்றும் சொல்லலாம். ஓய்வு பெற்ற நாலாவது மாதம், தென்காசியில் கம்பிக்கூண்டுக்குள் நிற்கும் ஒரு தலைவர் சிலையைப் படமெடுத்துப் போட்டேன். கூண்டு கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது. ஆனாலும், "தலைவரின் தனிமை தெரிகிறது சார்" என்று எழுதினார்.

அதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் செய்தி வரும். பாவூர்சத்திரத்தில் ஒரு சிலை இருக்கிறதாமே, கடையநல்லூர்ப் பக்கம் ஒன்று இருக்கிறதாமே என்று கேட்பார். "காலை வெயிலில் ஒன்று எடுங்கள். மதியம் வெளியிலேயே சாப்பிட்டுவிட்டு, சாயங்கால வெயிலிலும் ஒன்று எடுங்கள்" என்று முடிப்பார். விஷயம் தெரிந்த மனுஷன்.

மூன்று வருடமாக ஒரு ஞாயிறும் நான் வீட்டில் இல்லை. அதற்கு முன்னால் ஞாயிறென்றால் எங்கள் வீட்டில் சொதிக் குழம்புதான். என் பங்கு தேங்காய் வாங்கி வருவது. துருவி மூன்று பால் பிழிவதும் மிச்சமும் என் மனைவி கல்யாணசுந்தரியின் பங்கு.

இந்த வாரம் நானே அவருக்கு எழுதினேன். சீசன் நன்றாக இருக்கிறது, குடப்பெண் பக்கத்தில் ஏழு மணிக்குக் காத்திருப்பேன், நேரில் வாருங்கள் என்று. "பார்ப்போம் சார். குடத்தின் வாய் வெட்டுப்படாமல் எடுங்கள்" என்று பதில் வந்தது. அதை 'வருகிறேன்' என்று படித்துக்கொண்டது நான்தான். புதுச்சட்டை போட்டுக்கொண்டு போய், சாரலில் குடை பிடித்து வந்த அத்தனை பேரிடமும் பத்து மணி வரை சிரித்தேன்.

குற்றாலத்திலிருந்து நனைந்து வருகிறவனை பஸ்ஸில் யாரும் ஏனென்று கேட்பதில்லை. தென்காசிக்கு வந்து வீட்டுக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று. அடுப்படி துடைத்துவிட்டதுபோல் இருந்தது. சுந்தரி கட்டிலில் சாய்ந்து, கடை இட்லிப் பொட்டலத்தை மடியில் விரித்திருந்தாள்.

"ஏன் இதுக்குள்ள வந்துட்டிய?" என்றாள்.

சொட்டச் சொட்ட நிற்கிற புருஷனிடம் கேட்கிற கேள்வியா அது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இருந்ததையெல்லாம் கொட்டினேன். மூன்று வருடம் ஊர் ஊராக அலையவிட்டவனுக்கு ஒருநாள் முகம் காட்ட முடியாதா, நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டானே என்று குரல்கூட உடைந்தது. அவள் துண்டு எடுத்து என் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்.

"போதும் சுந்தரி. கேமராவத் தூக்கிப் பரண்ல போட்டுருதேன். இனிமே ஞாயித்துக்கிழம பூரா வீட்லதான். தேங்கா வாங்கிட்டு வாரேன், பழையபடி சொதி வையி."

தலையில் துண்டு நின்றுவிட்டது.

"அடுத்த வாரம் இலஞ்சிக்குப் போங்க" என்றாள். "காலை வெயில்ல ஒண்ணு எடுங்க. மதியம் வெளியிலயே சாப்ட்டுட்டு, சாயங்கால வெயில்லயும் ஒண்ணு எடுங்க."

அந்த வரியை நான் யாருக்கும் படித்துக் காட்டியதில்லை. ஈரச்சட்டை அப்போதுதான் குளிர ஆரம்பித்தது. கேட்க எத்தனையோ இருந்தும், வாயில் வந்தது ஒன்றுதான்.

"அப்போ... தலைவரோட தனிமை?"

"எனக்குக் கூண்டுதான் தெரிஞ்சிது" என்றாள் சுந்தரி. "எனக்கும் ஒரு ஞாயித்துக்கிழம வேணும்லா."