அம்மாவின் மக்கர் கம்ப்யூட்டர்

அக்காக்காரிக்கு வயிறு எரிந்தது. பதினைந்து வருஷமாகக் கம்ப்யூட்டர் கம்பெனியில் குப்பை கொட்டுகிறவள் அவள். ஆனால் 'மெமரி போதவில்லை' என்று வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால், அம்மா கூப்பிடுவதோ லாரி ஓட்டும் தம்பியை.

இன்று கூப்பிடாமலே போய் நின்றாள். மூன்று மணி நேரமாகத் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான் தம்பி. அவனை நகரச் சொல்லிவிட்டு, தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல், திறந்து கிடந்த நாற்பது புரோகிராம்களையும் ஒரே நிமிஷத்தில் மூடினாள்.

"இதுக்குப் போய் இவனையாம்மா கூப்பிடுவே?"

"நீ சரி பண்ணிட்டு உடனே கிளம்பிடுவேடி. இவனுக்கு ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் வரைக்கும் என்கூட உட்கார்ந்திருப்பான்."

அக்கா பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மூடியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

"பெரிய ரிப்பேர்ம்மா இது. நாளைக்கும் வரணும்."