கப்பலுக்குப் பிரீமியம்

“சாதாதானே?”

கேட்டுக்கொண்டே பெட்ரோல் மூடியைத் திறந்துவிட்டாள் பங்க் பெண்.

“யாரைக் கேட்டு சாதாங்கற?” காரிலிருந்து இறங்கினார் பைண்டர். “வண்டியைப் பார்த்துக் கேளும்மா. என் சட்டையைப் பார்த்துக் கேட்காதே.”

சட்டையில் பசை காய்ந்திருந்தது. அச்சகத்திலிருந்து அப்படியே கிளம்பி வந்திருந்தார்.

“அதில்லண்ணே. இந்த வண்டிக்கு...”

“இந்த வண்டிக்கு?”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பின் சீட்டில் மடித்து வைத்திருந்த சின்னச் சின்னக் குழந்தைத் துண்டுகளைப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்லண்ணே. பிரீமியமே போடறேன்.”

“ஃபுல்.”

முன் சீட்டிலிருந்து மச்சான் தலையை நீட்டினான். மனைவியின் தம்பி. டாக்சி ஓட்டுகிறவன்.

“மாமா, பன்னெண்டு வருஷமா வண்டி ஓட்டறேன். சாதா போட்டாங்கன்னு எந்த வண்டியும் நடுரோட்டுல உட்கார்ந்து அழுததில்ல.”

“அது டாக்சி. இது கப்பல்.”

முதலாளியின் காருக்கு அச்சகத்தில் அதுதான் பெயர். பைண்டரின் மனைவிக்கு ஆபரேஷன், இரட்டைக் குழந்தை என்று கேள்விப்பட்டதும், “பச்சை உடம்புக்காரியை டாக்சியில குலுக்கிக்கிட்டா கூட்டிட்டு வருவ?” என்று சாவியைத் தூக்கிப் போட்டிருந்தார் முதலாளி. மச்சானுக்கு அதில் காலையிலிருந்தே மனத்தாங்கல்.

“சரி, கப்பலாவே இருக்கட்டும். ஆஸ்பத்திரி நாலு கிலோமீட்டர். ஃபுல் எதுக்கு?”

“வாங்கின வண்டியை நிரப்பித்தான் திருப்பிக் கொடுக்கணும். அவர் எதைப் போடறாரோ அதைத்தான் நாமளும் போடணும். இவ்வளவு பெரிய மனுஷர் சாதாவா போடுவார்?”

“டேங்க்ல மூக்கை வச்சு மோந்து பார்க்கப்போறாரா?”

“இஞ்சின் போட்டுக் கொடுத்துடும்டா.”

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் குரலைத் தாழ்த்தினான்.

“அப்போ ரெண்டாவது தொட்டில்?”

பைண்டர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இரட்டை என்று டாக்டர் சொன்ன பிறகும் ஒரு தொட்டில்தான் வாங்க முடிந்திருந்தது. இன்னொன்றுக்கான பணம் அந்தப் பசை காய்ந்த சட்டைப் பையில்தான் இருந்தது.

“எட்டு மாசம் ஒரே வயித்துல ஒத்துமையா இருந்ததுங்க” என்றார் கடைசியில். “ஒரே தொட்டில்ல இருக்காதுங்களா?”

“ஒத்துமையா இருந்ததான்னு அக்காவைக் கேளுங்க. உதை வாங்கினவளுக்குத்தான் தெரியும்.”

சிரித்துக்கொண்டே பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார் பைண்டர்.

திரும்பி வரும்போது கப்பல் அலுங்கவே இல்லை. பின் சீட்டில் கைக்கு ஒன்றாகக் குழந்தைகளை அணைத்திருந்த மனைவி, “படுக்கையில இருக்கிற மாதிரியே இருக்கு” என்றாள்.

“பிரீமியம்” என்றார் பைண்டர்.

மேடு வந்தது. கப்பல் மூச்சு விடாமல் ஏறியது.

“பார்த்தியா? பிரீமியம்.”

சிக்னலில் குழந்தை ஒன்று தும்மியது.

“இதுவும் பிரீமியமா மாமா?” என்றான் மச்சான்.

சாயங்காலம் வண்டியை விடப் போனபோது, முதலாளி உள்ளே எட்டிப் பெட்ரோல் முள்ளைப் பார்த்தார்.

“கால் டேங்க்தானேப்பா இருந்தது?”

“நிரப்பிட்டேன் முதலாளி.”

“எதுக்குப்பா? சரி, என்ன போட்டே?”

“பிரீமியம்.” பைண்டரின் நெஞ்சு நிமிர்ந்தது. “சாதா போட வந்தா ஒரு பொண்ணு. விட்டேனா?”

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

“நல்ல வேலை செஞ்சே. இது வேற எதையும் வாயிலயே வைக்காது.”

தெருவுக்கு வந்ததும் மச்சான் பொரிந்து தள்ளினான்.

“எவ்வளவு ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டாரா? வாயிலயே வைக்காதாம்! இவர் பவிசுக்கு என் மருமகளுங்க நெருக்கியடிச்சுப் படுக்கணுமா?”

“அவர் ஏன்டா கேட்கணும்? சரியாத்தான் செஞ்சேன்னு அவர் வாயாலயே சொல்லிட்டாரே.”

வீடு வரைக்கும் சீட்டியடித்துக்கொண்டே வந்தார் பைண்டர்.

ஒன்றரை மாதம் கழித்துக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி. ஆளுக்கொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள் பைண்டரும் மனைவியும். கப்பல் வந்து பக்கத்தில் நின்றது.

“ஏறுங்க. நானும் அந்தப் பக்கம்தான் போறேன்” என்றார் முதலாளி.

வழியில் முள் கீழே இறங்கியிருந்தது. அதே பங்கில் வண்டியைத் திருப்பினார்.

பைண்டர் மனைவியின் காதில் கிசுகிசுத்தார். “அன்னிக்கு என்கிட்ட வாயாடினாளே, அவதான். வண்டிக்குச் சொந்தக்காரர் வந்ததும் எப்படி ஓடி வர்றா பாரு.”

முதலாளியைப் பார்த்ததும் பங்க் பெண் சிரித்தாள். எதுவும் கேட்காமலே பைப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

முதலாளி நிமிர்ந்து உள் கண்ணாடியைப் பார்த்தார். அதில், குழந்தையைத் தோளில் சாய்த்தபடி கழுத்தை எக்கிக்கொண்டிருந்தார் பைண்டர்.

“பிரீமியம் போடும்மா. ஃபுல்” என்றார் முதலாளி, பின் சீட்டுக்கும் கேட்கிற மாதிரி.

“நான் சொல்லல?” என்று மனைவியை இடித்தார் பைண்டர்.

ஒன்பது வருஷமாக முதலாளிக்குச் சாதாவைத் தவிர வேறெதையும் ஊற்றியிராத அந்தப் பெண், கையிலிருந்த பைப்பைத் திரும்ப மாட்டிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.