ஒரு மேசைக்கான இழைப்புளி

ஆசாரி இழைப்புளி அலகின் முனையை நகம் போல வளைத்துச் சாணை பிடித்தான்.

நேர் முனை இந்த மேசைக்கு ஆகாது. மினுக்குகிற வேலையில்லை இது. ஒரு விரல் கனம் தோண்டி எறிய வேண்டும்.

பூவரசுக் கட்டையில் வாயை அகலமாக வெட்டினான். தடித்த செதில் அடைக்காமல் வெளியே வர வேண்டும். அலகைச் செருகி, ஆப்பைத் தட்டி இறுக்கினான்.

மேசையைப் பார்த்தான். எச்சில் ஊறியது. துப்பினான்.

மரக்கடை ஞானதுரை சிரித்தார்.

"பை நிறைய இழைப்புளி வச்சிருக்கீரு. இது எதுக்கு ஆசாரி புதுசா?"

"அதெல்லாம் நாலு வீட்டு வாசக்கால் தொடணும்லா, அண்ணாச்சி."

இடித்த ஆஸ்பத்திரி ஒன்றில் ஏலம் எடுத்த மேசை. பர்மா தேக்கு. ஆள் நீளம். மூலைகளிலிருந்து ஓடிவரும் பள்ளங்கள் நடுவில் ஓர் ஓட்டையில் சேரும்.

பிணம் அறுத்த மேசை. கழுவி ஊற்றியதெல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான் வாளிக்குப் போயிருக்கும்.

இனி இதில் சோறு. கல்யாணச் சீர்.

"ஓட்டையில கட்டையடிச்சு ஒரு பூ செதுக்கிரும். வாயத் தொறந்தீருன்னா இந்தக் கடைப் பக்கமே வரப்படாது. பாவம், நர்சு வேலை பாக்குற பொண்ணு. ஆசையா கேக்குது."

"நர்சா?"

"ஆமா. அதுக்கென்ன?"

அவன் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டான்.

குறுக்காகத் தள்ளினான். செதில் கறுப்பாக வந்தது. பினாயில் நாற்றம். இன்னும் தள்ளினான். பினாயிலுக்கு அடியில் வேறொரு நாற்றம்.

ஈ வந்து உட்கார்ந்தது.

ஞானதுரை டீ கிளாசை மேசையின் மறுமுனையில் வைத்தார். எடுத்து உறிஞ்சினார். அவன் மூக்குத் துண்டை இன்னும் இறுக்கிக் கட்டினான்.

மதியத்துக்குமேல் பொன்னிறம் தெரிந்தது. பூவும் செதுக்கியாயிற்று.

"பள்ளம் போச்சா?"

"பாலிஷ் போட்டா கண்ணுக்குத் தெரியாது."

பள்ளத்தை முழுக்க எடுக்கும் கடைசி இழைப்பை அவன் இழைக்கவில்லை.

பாலிஷ் காய்ந்த அன்று அந்தப் பெண் அப்பாவோடு வந்தாள். அப்பா பளபளப்பில் முகம் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். ஞானதுரை பர்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அவள் மேசையை வெறுமனே தடவினாள். மூலையில் விரல் எதிலோ லேசாக இறங்கியது. அதன் போக்கிலேயே போனது. பூவில் வந்து நின்றது.

அடுத்த மூலையிலிருந்து தடவினாள்.

அதுவும் பூவில் நின்றது.

குனிந்து மேசைக்கு அடியில் பூவுக்கு நேராகப் பார்த்தாள். நிமிர்ந்தபோது விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"எந்த ஆஸ்பத்திரி, அண்ணாச்சி?"

பர்மா பாதியில் நின்றது. ஞானதுரை ஆசாரியைத் திரும்பிப் பார்த்தார்.

அவன் புது இழைப்புளியைப் பசை காய்ச்சுகிற அடுப்புக்குள் தள்ளினான். பூவரசு சீக்கிரம் தீப்பிடிக்காது.

குனிந்து ஊதினான்.