போர்டில் இல்லாதது

செருப்பைக் கழற்றி வாசலில் விட்டாள்.

கழற்றிய பிறகுதான் கோபம் வந்தது.

யாரும் கழற்றச் சொல்லவில்லை. மற்றவர்கள் ஷூவும் செருப்புமாகத்தான் உள்ளே நின்றார்கள். அவள் கால்தான் அந்த வாசலைக் கண்டதும் தானாகக் கழற்றிக்கொண்டது. பேரன் எடுத்த பிறகும் காலுக்குப் பழைய பயம் போகவில்லை.

உள்ளே ஒரே சிரிப்பு. பத்தாம் வகுப்பில் கூடப் படித்தவர்கள் கூடியிருந்தார்கள். பழைய கம்ப்யூட்டர் அறையை அவர்களுக்காகத் தூசி தட்டித் திறந்துவிட்டிருந்தது பள்ளிக்கூடம்.

மேஜைமேல் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி. தடித்த கீபோர்டு. அதோடு கம்பியால் இணைத்த ஒரு சின்ன டிவி. பக்கத்தில் மடித்துவைத்த நீலத் துணி உறை.

உறையின் ஓரத்தில் ஓடும் சங்கிலித் தையல் அவள் போட்டது.

உறை தைக்க மட்டும் உப்பளத்துப் பிள்ளைகள் வேண்டியிருந்தார்கள்.

ஜெயசீலன்தான் எங்கிருந்தோ பாகங்கள் வரவழைத்துப் பெட்டிக்கு உயிர் கொடுத்திருந்தான். பேங்க் மேனேஜர் மகன். இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். பெட்டியின் முதுகைத் தடவிக்கொண்டே பேசினான்.

"இதுல உள்ள மெமரிக்கு இன்னைக்கு ஒரு போட்டோகூடக் கொள்ளாதுடே. ஆனா நாம எல்லாரும் இதுலதான கத்துக்கிட்டோம்! என்ன பொறுமை! இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு அது வருமா?"

நாம எல்லாரும்.

அவள் கண் வாசல்படிக்குப் போனது.

அந்தக் காலத்தில் இதே வாசலில் ரோஸலின் டீச்சர் நிற்பாள். கையில் அடிஸ்கேல். அதை வைத்து ஒவ்வொரு காலாகத் திருப்பிப் பார்ப்பாள்.

விடியுமுன்னே உப்பளத்தில் இறங்கி, அம்மாவோடு உப்பு வாரிப்போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் வரும் பிள்ளையின் பாதம் எப்படி இருக்கும்? வடிவு குழாயடியில் தேங்காய் நாரைப் போட்டு ரத்தம் கசியத் தேய்த்துவிட்டு வருவாள். வெடிப்புக்குள் வெள்ளை அப்படியே இருக்கும்.

"அளத்துப் பிள்ளைங்க வெளியவே நில்லுங்க. உப்புக் காலோட வந்தா மெஷின் துருப்பிடிச்சிரும்."

ஊர்க் காற்றே உப்புதான். அது ஜன்னல் வழியாக உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. அதை நிறுத்திவைத்துக் காலைக் காட்டச் சொல்ல ஆளில்லை.

உள்ளே போனவர்களுக்கு மெஷின். வெளியே நின்றவர்களுக்குக் கரும்பலகை.

டீச்சர் போர்டில் எழுதிப் போட்டாள். முதலில் பிரிண்ட் என்று அடிக்க வேண்டும். அப்புறம் மேற்கோள் குறி. உன் பெயர். மறுபடி மேற்கோள் குறி. உடனே மெஷின் கீழே உன் பெயரைத் தானாக எழுதும்.

அவள் மனப்பாடம் செய்தாள். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கினாள். அதோடு படிப்பும் நின்றது. அளம் நிற்கவில்லை.

மெஷின் பெயர் எழுதியதை மட்டும் பார்த்ததே இல்லை. இன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தது அதற்காகத்தான்.

"ஏ வடிவு! அங்கேயே ஏன் நிக்க? வா, நீயும் ஒரு தட்டு தட்டு. போட்டோ எடுப்போம்." ஜெயசீலன் கூப்பிட்டான்.

நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவள் உட்காரவில்லை. குனிந்து நின்றபடி ஒரு விரலால் அடித்தாள்.

பிரிண்ட்.

மேற்கோள் குறிக்கு ஷிஃப்டை அமுக்கிக்கொள்ள வேண்டும். அது போர்டில் இருந்தது. அமுக்கிக்கொண்டாள்.

சுடலைவடிவு. இங்கிலீஷ் எழுத்தில் நீளமான பெயர். ஒன்றும் தப்பவில்லை. மறுபடி மேற்கோள் குறி.

கையை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

சின்னக் கோடு ஒன்று விட்டுவிட்டு மின்னியது. அவள் காத்திருந்தாள். போர்டில் இருந்தது அவ்வளவுதான்.

யாரோ சிரித்தார்கள்.

"அடிச்சிட்டு மேல பாத்துட்டு நின்னா வருமா? ரிட்டர்ன் கீயைத் தட்டணும்லா! அதத் தட்டுனாத்தான் மெஷின் வேலை செய்யும்." ஜெயசீலனுக்குச் சிரிப்பில் கண்ணே கலங்கிவிட்டது. "இதுகூடத் தெரியாமலா முழு மார்க் வாங்குன நீ?"

அவள் நிமிர்ந்தாள்.

"இத போர்டுல எழுதிப் போடலியே."



எழுதிப் போடும் அவசியம் இருக்கவில்லை. உள்ளே உட்கார்ந்த பிள்ளைகளுக்கு அது முதல் நாளே விரலோடு ஒட்டிக்கொண்டது. வெளியே நின்ற பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. தெரியாது என்பதே தெரியாமல், முழு மதிப்பெண்ணைச் சேலை முந்தியில் முடிந்த மாதிரி இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறாள்.

ஜெயசீலன் சமாதானமாகச் சிரித்தான். "சரி, விடு. நான் தட்டிவிடுறேன்." கையை நீட்டினான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

உப்பு வாரிய கை. அவன் முகம் சுண்டியது.

"கைய எடு."

எடுத்தான்.

அவள் திரும்பி வாசலுக்கு நடந்தாள். ஒருத்தி பின்னாலேயே கூப்பிட்டாள். "ஏட்டி வடிவு, கோவிச்சுக்கிட்டுப் போகாத!"

போகவில்லை.

வாசலில் நின்று, இரண்டு செருப்பையும் ஒவ்வொன்றாகக் காலில் மாட்டினாள். தினமும் அளத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற செருப்பு. வார் இடுக்கில் நேற்றைய உப்பு.

உள்ளே வந்தாள். துடைத்துப் பளபளக்கவைத்த தரை அவள் காலடியில் நறநறத்தது.

திரையில் அவள் பெயர் இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவில் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.