ஜும்ஆக் கூட்டம்

“காக்கா, இண்டைக்குச் சனம் கூடவா?” ஜதுசன் ஃபோனில் கேட்பது இது மூன்றாவது முறை.

“பள்ளி நிறைஞ்சிட்டு தம்பி,” என்று ஃபோனை வைத்தார் பள்ளிவாசல் தலைவர் இப்றாஹிம்.

“ஆரு, ஹாஜியார்?” என்றார் பாங்கு சொல்லும் புது முஅத்தின் இஹ்ஸான்.

“பழைய கால்வாயில தோணி ஓட்டுற பொடியன்.”

“தொழ வாற ஆக்களையும் சவாரிக்குப் பிடிக்கப் பாக்கிறானா?”

மறுபடியும் ஃபோன். ஜதுசன் அழாக்குறையாகக் கத்தினான்: “சனம் நிறைஞ்சும் தண்ணி வரல்லையே காக்கா! மாப்பிள்ளையோட தோணி தரை தட்டி நிக்குது. முகூர்த்தம் தப்பப்போகுது!”

இப்றாஹிம் பதறினார். “நாம தொழ முன்ன கை கால் கழுவி வுழூ செய்யிற தண்ணிதான் வடிகட்டி அந்தக் கால்வாய்க்குப் போகுது. பைப்புக்கு என்ன நடந்த?”

இஹ்ஸானின் முகம் வெளிறியது. “தண்ணி வீணாப் போகுதெண்டு நான்தான் வுழூக் குழாய் வால்வைப் பாதி பூட்டி வெச்சன்.”

ஓடிப்போய்த் திறந்தார். வுழூ செய்யக் காத்து நின்றவர்களின் நீண்ட வரிசை மளமளவென்று நகர்ந்தது.

தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, கால்வாய்ப் பக்கம் மேளச் சத்தம் மெல்ல மெல்லத் தூரப் போய்க்கொண்டிருந்தது. “அல்ஹம்துலில்லாஹ்,” என்று மூச்சு விட்டார் இஹ்ஸான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜதுசனுக்கு ஃபோன் எடுத்தது அவர்தான்.

“தம்பி ஜதுசன், தோணிக்குத் தண்ணி காணுமா? இன்னும் ஆக்கள் வாறாங்க.”